மீன் தொட்டியில் உப்பும் மிளகும்

திண்டுக்கல்
16.7.2006, ஞாயிறு

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை அமலன் அவர்களுக்கு,

மச்சான் பாஸ்கல் எழுதிக்கொள்ளும் மடல். ஆண்டவர் இரக்கத்தால் இங்கு நானும் தங்கள் அக்காள் ஜெயமேரியும் நலமே. எனக்கு முழங்கால் வலி போன வருடத்தைப் போலவே இருக்கிறது, சர்க்கரை ஏறவும் இல்லை இறங்கவும் இல்லை, மற்றபடி குறை சொல்வதற்கில்லை. அங்கு தாங்களும் நான்சியும் குழந்தையும் நலமாயிருக்கத் தினமும் பூசையில் நினைத்துக்கொள்கிறோம். ஆஸ்திரேலியாவில் இப்போது குளிர்காலமாமே, காதை மூடிக்கொண்டு படுக்கவும்.

தாங்கள் ஊருக்குக் கிளம்பும்போது எனக்கென்று கம்ப்யூட்டரில் ஒரு முகவரி உண்டாக்கித் தந்து, இனிமேல் தபால் எதற்கு மச்சான், ஈமெயில் அனுப்புங்கள் என்று சொன்னீர்கள். பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் பிரவுசிங் சென்டருக்கு மூன்று தடவை போய்விட்டு வந்தேன். பாஸ்வேர்டு என்று தாங்கள் சொன்னது ஒரு பூவின் பெயர் என்பது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது, எந்தப் பூ என்பது மறந்துவிட்டது. கடைக்காரத் தம்பி மல்லிகையில் ஆரம்பித்து அவனுக்குத் தெரிந்த பூவையெல்லாம் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், வயசான காலத்துல உங்களுக்கு எதுக்கு சார் இது" என்று கேட்டான். அதனால் தபாலிலேயே எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்துக்குக் காரணம் ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் விருப்ப ஓய்வு வாங்கப் போகிறேன். இன்னும் மூன்று வருட சர்வீஸ் பாக்கி இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். நாளை திங்கட்கிழமை காலையில் பள்ளித் தாளாளர் சார்லஸ் சாமியைப் பார்த்து விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு, நேரே பள்ளிக்கூடம் போய்க் கடப்பாரையை எடுத்து, தாங்கள் அமைத்துக் கொடுத்துவிட்டுப் போன அந்த மீன் தொட்டியை உடைத்துவிடுவதாக இருக்கிறேன். தாங்கள் செய்ய வேண்டியது, இந்தச் சேதியைத் தங்கள் அக்காளிடம் போனில் பக்குவமாகச் சொல்வது. நான் சொன்னால் வீட்டில் சோறு கிடைக்கும், வெஞ்சனம் கிடைக்காது. கடிதம் வந்து சேரப் பத்து நாள் ஆகுமல்லவா, அதுவரைக்கும் நான் வழக்கம்போல டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போவதுபோல் சமாளித்துக்கொள்வேன்.

எங்க பள்ளிக்கூட நிலவரம் உங்களுக்குத் தெரியாதது இல்ல. வடமதுரையைத் தாண்டி ரோட்டுல இறங்கி உள்ளே நடக்கணும், மூணு வாத்தியார், அஞ்சு வகுப்பு. ரெண்டு வருசமா மெட்ரிக்குலேஷன் பள்ளிக்கூடத்து மஞ்ச வேன் ஒண்ணு தெருத் தெருவா வந்து ஹாரன் அடிச்சுப் பிள்ளைகளை அள்ளிக்கிட்டுப் போகுது. ஆகஸ்ட்ல தலைக்கணக்கு எடுப்பாங்க. பிள்ளைக எண்ணிக்கை குறைஞ்சிருந்தா ஒரு போஸ்ட்டைத் தூக்கிருவாங்க, கடைசியா வந்தவங்கதான் வெளியே போகணும். கடைசியா வந்தது டெய்சி டீச்சர். ட்ரெயினிங் முடிச்சு எத்தனையோ வருசம் வீட்டுல உட்கார்ந்திருந்து, போன வருசம்தான் வேலைக்கு அப்ரூவல் வந்துச்சு. வேடசந்தூர்ல இருந்து ரெண்டு பஸ் மாறி வருது. வீட்டுல படுத்த படுக்கையா அம்மா, காலேஜுல ஒரு தங்கச்சி. அந்தப் பிள்ளை வேலை போறதை என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது. நான் கிளம்பிட்டா என் இடம் காலி, டெய்சி நிக்கும். அம்புட்டுதான் விசயம்.

இதே விசயத்தைத்தான் ஜூன் மாசம் உங்ககிட்டயும் சொல்லிப் புலம்புனேன். அது நான் பண்ணுன முதல் தப்பு. லீவுக்கு வந்த மனுசன் மாம்பழம் சாப்பிட்டோமா, பழனிக்கோ கொடைக்கானலுக்கோ போயிட்டு வந்தோமான்னு இருக்கணும். நீங்க பள்ளிக்கூடம் திறந்த அன்னைக்கே என் பின்னாலயே பஸ் ஏறி வந்துட்டீங்க. வந்து, பாழடைஞ்சு கிடந்த சிமெண்டுத் தண்ணித் தொட்டியைச் சுத்திச் சுத்தி வந்தீங்க. "மச்சான், இதுல மீன் விடுறோம், மேல ஜல்லித் தட்டு வச்சு மண்ணில்லாமத் தக்காளி வளக்கிறோம், அக்வாபோனிக்ஸ்னு பேரு, ஆஸ்திரேலியாவுல அவனவன் வீட்டுக் கொல்லையில வச்சிருக்கான், இந்த ஜில்லாவுலயே எந்தப் பள்ளிக்கூடத்திலயும் இது கிடையாது, பாருங்க, வேனை விட்டு இறங்கிப் பிள்ளைக ஓடி வரும்"னு சொன்னீங்க. டெய்சி டீச்சர் கண்ணுல அன்னைக்கு ஒரு வெளிச்சம் வந்துச்சு பாருங்க, அதைப் பாத்துட்டுத்தான் நான் வாயை மூடிக்கிட்டேன். இல்லைன்னா வேணாம்யா சாமின்னு உங்க கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருப்பேன்.

ஜூன் பதிமூணு, அந்தோணியார் திருநாள் அன்னைக்கு, சார்லஸ் சாமியைக் கூட்டிவந்து தொட்டியை மந்திரிக்க வச்சீங்க. அதுல உங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், புது சைக்கிள் வாங்குனாக்கூடச் சாமியைக் கூப்பிட்டுத் தீர்த்தம் தெளிக்கிறது நம்ம வழக்கம். சாமியும் மீனு, செடி, மோட்டார், ஸ்விட்ச்சு போர்டு வரைக்கும் தீர்த்தம் தெளிச்சாரு. நீங்க போட்டோ எடுத்துக்கிட்டீங்க. மறுநாள் ப்ளேன் ஏறிட்டீங்க.

சரி, பாடம் எடுக்க வேண்டியவன் நான்தான. கரும்பலகையில தொட்டி வரைஞ்சு, மீனு வரைஞ்சு, குழாய் வரைஞ்சு, மீனோட கழிவு கலந்த தண்ணியை மோட்டார் மேல தூக்கி விடுது, ஜல்லியில இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிக அந்தக் கழிவைச் செடிக்குச் சத்தா மாத்துது, செடி சத்தை எடுத்துக்கிட்டுத் தண்ணியைச் சுத்தம் பண்ணித் திரும்ப மீனுக்கே விடுதுன்னு தொண்டைத் தண்ணி வத்தச் சொன்னேன். உடனே சுகன்யா எந்திரிச்சா. நாலாம் வகுப்பு, தக்காளி வெவசாயி மலைச்சாமியோட மக. அது கேள்வி கேக்க ஆரம்பிச்சா பெல் அடிச்சாத்தான் உட்காரும். "சார், போன வாரம் கிருமி கெட்டது, சோப்புப் போட்டுக் கை கழுவணும்னு சொன்னீங்க. இந்த வாரம் கிருமி நல்லதுன்னு சொல்றீங்க. ரெண்டும் வேற வேற கிருமியா சார்?" ஆமான்னேன். "அப்ப சோப்புப் போட்டா நல்ல கிருமியும் செத்துருமே சார், அது பாவம் இல்லையா?" முப்பது வருசத்துக்கு மேல வாத்தியார் வேலை பாக்குறேன் மாப்பிள்ளை, எனக்கு அன்னைக்கு எந்தக் கிருமி எந்தப் பக்கம்னே தெரியல. வீட்டுக்கு வந்து செத்த நேரம் படுத்துட்டேன்.

மறுநாள் காலையில, பிரேயர்கூட முடியல, சுகன்யாவோட அம்மா முத்துப்பேச்சி சேலையை இழுத்துச் செருகிக்கிட்டு வந்து நிக்கிது. "என்ன சார், ஃபீஸ் இல்லாத பள்ளிக்கூடம்னா பிள்ளைகளுக்கு மீன் பீயைத் திங்கச் சொல்லிக் குடுப்பீகளா?" பிரேயரை டெய்சிகிட்ட விட்டுட்டு அதை ஓரமாக் கூட்டிட்டுப் போனேன். "மீனு ஆயி போகுதாம், அதைத் தக்காளி திங்கிதாம், தக்காளியை நாம திங்கிறோமாம். நேத்து ராத்திரி எம்மக குழம்புல கிடந்த தக்காளியை எல்லாம் பொறுக்கித் தட்டு ஓரத்துல வச்சுட்டா. தக்காளி வித்துத்தான் சார் நாங்க வயித்தைக் கழுவுறோம், எங்க வீட்டுப் பிள்ளையே தொட மாட்டேன்னா எவன் வாங்குவான்?" நான் பொறுமையா, ஏம்மா, உங்க தோட்டத்துல ஆட்டுப் புழுக்கை போடுறதில்லையான்னு கேட்டேன். "ஆடு வேற மீனு வேற சார். ஆடு குடிக்கிற தண்ணியிலேயே ஆயி போகாது." இதுக்குப் பதில் உங்க புஸ்தகத்துல இருந்தா எழுதி அனுப்புங்க.

இது பெரிய பிள்ளைக கதை. ரெண்டாப்புப் பயலுக என்ன பண்ணுனானுக தெரியுமா, ஒண்ணுக்குப் பெல் அடிச்சதும் அங்கிட்டுப் போகாம, தொட்டி விளிம்புல ஏறி வரிசையா நிக்கிறானுக. "ஏலே, எறங்குங்கடா"ன்னு கத்திக்கிட்டு ஓடுறேன், பாண்டியராஜுன்னு ஒரு பொடிப்பய திரும்பிப் பாத்து, "செடிக்குச் சத்துக் குடுக்குறோம் சார்"னு சொல்றான். பாடம் புரிஞ்சிருக்கு, அதையும் மறுக்க முடியல. அன்னைக்குத் தொட்டித் தண்ணி முழுசையும் இறைச்சு ஊத்திப் புதுசா நிரப்புனோம். நிரப்புற நேரம் பாத்துக் கரண்டு போச்சு. அங்க கரண்டு போறது உங்களுக்குத் தெரிஞ்ச கதைதான். மோட்டார் நின்னா மீனுக்கு மூச்சு முட்டும்னு நீங்க சொல்லிட்டுப் போனதைப் பிள்ளைக மறக்கவே இல்ல, வாய்ப்பாட்டை மறந்துட்டானுக, இதை மறக்கல. கரண்டு போனா உடனே முறை போட்டு, வாளியும் மக்குமா மேல மொண்டு மொண்டு ஊத்துறானுக. பன்னெண்டாம் வாய்ப்பாடு பாதியில நிக்கிது, வகுப்புல நானும் டெய்சியும் மட்டும் இருக்கோம்.

அப்புறம் செடி இலையெல்லாம் லேசா வெளுக்க ஆரம்பிச்சுது. நீங்க சொன்னபடி கொஞ்ச நாள்ல அதுவே சரியாயிருக்கும். ஆனா மலைச்சாமி பாத்துட்டாரு. மகளை விட வந்தவரு தட்டுக்கிட்ட நின்னு இலையைத் தடவிக் குடுத்து, "சார், மண்ணுல கால் ஊணாத செடி எப்படி சார் தெம்பா நிக்கும், பாவம், பட்டினி கிடக்குதுக"ன்னு உச்சுக் கொட்டுனாரு. நான் மறுபடியும் கிருமியில இருந்து ஆரம்பிச்சு விளக்குனேன், தலையை ஆட்டிக் கேட்டுக்கிட்டாரு. கேட்டுட்டு, சனிக்கிழமை சாயங்காலம், ஆஸ்பத்திரியில கிடக்குற சொந்தக்காரனுக்கு ஹார்லிக்ஸ் வாங்கிட்டுப் போற மாதிரி, யாருக்கும் தெரியாம யூரியா கொண்டாந்து தொட்டியில கரைச்சு விட்டுட்டுப் போயிட்டாரு. திங்கட்கிழமை போய்ப் பாத்தா மீனெல்லாம் வெள்ளை வயித்தைக் காட்டி மிதக்குது. கேட்டா, அந்த மனுசனுக்குக் கண்ணு கலங்கிப் போச்சு. "உரம்தான சார் போட்டேன், வெசமா போட்டேன்? வேணும்னா வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தையில ஒரு ஆட்டுக்குட்டி பிடிச்சுத் தாரேன், அதைத் தொட்டிக்குப் பக்கத்துல கட்டி வளங்க, அது புழுக்கையே போதும்"னாரு. நல்ல மனுசன், அவரைத் திட்டவும் முடியல.

செத்த மீனைத் தூக்கிப் போடக்கூடாது, அடக்கம் பண்ணணும்னு மூணாப்பு தீர்மானம் போட்டுது. நம்ம பிள்ளைக மெழுகுதிரி வேணும், ஜெபம் சொல்லணும்னுதுக, மத்த பிள்ளைக அதெல்லாம் இல்ல, கொட்டும் பூவும் வேணும்னுதுக. கடைசியில வேப்ப மரத்தடியில ரெண்டு முறைப்படியும் நடந்துச்சு. முடிஞ்சதும் அத்தனை பேரும் என் மூஞ்சியைப் பாக்குதுக, துக்கத்துக்குப் பள்ளிக்கூடம் லீவு கிடையாதான்னு. நான் வேற ஜிலேபிக் கெண்டைக் குஞ்சு வாங்கி விட்டேன், மொக்கு விடுற பருவத்துத் தக்காளிச் செடியும் தண்டங்கீரையும் வச்சோம், இந்தத் தடவை ஜம்முன்னு பிடிச்சு வந்துச்சு. பிள்ளைக தினமும் ஸ்கேல் வச்சு உயரம் பாத்துச்சுக, முதப் பூ விட்ட அன்னைக்கு டெய்சி மிட்டாய் வாங்கிக் குடுத்துச்சு. வேன்ல போற பிள்ளைகளும் ஜன்னல் வழியா எட்டிப் பாத்துட்டுப் போச்சுக. சரி, மாப்பிள்ளை சொன்னது பலிக்கும் போல இருக்கேன்னு நானும் ரெண்டு ராத்திரி நிம்மதியாத் தூங்குனேன்.

அந்தத் தூக்கத்தைக் கெடுத்தது கருப்பம்மாள். சத்துணவு ஆயா, நீங்க பாத்திருக்கீங்க, உங்களுக்குக்கூட ரெண்டு முட்டை வச்சுக் குடுத்துச்சு. அதுக்குக் கையில ரொம்ப நாளா ஒரு மரு. தினமும் மிச்சச் சோத்தை மீனுக்குப் போடுறப்ப கையைத் தண்ணிக்குள்ள விட்டு அளையும், மீனுக வந்து விரலைக் கொத்தும். ஒருநாள் பாத்தா மரு விழுந்துருச்சு. மீனு கடிச்சு விழுந்துச்சோ, தன்னால விழுந்துச்சோ, யாரு கண்டா. கருப்பம்மாள் நிமிந்து பாத்துருக்கு. தொட்டிக்கு நேர் மேல என்ன இருக்கு? அந்தோணியார் கெபி, சிலை வச்ச குகை மாடம். கையில குழந்தை இயேசுவோட அவரு நின்னு தொட்டியைப் பாத்துக்கிட்டு இருக்காரு. சாமியார் வந்து மந்திரிச்ச தண்ணி வேற. போதாதா? அந்தத் தொட்டியைத் தேர்ந்தெடுத்தது நீங்கதான்யா, வெயிலு நல்லாப் படுதுன்னு சொல்லி.

மருவுக்கும் பருவுக்கும் உப்பும் மிளகும் காணிக்கை போடுறது நம்ம ஊர்ல இந்துவுக்கும் உண்டு, கிறிஸ்தவனுக்கும் உண்டு. உப்புக் கரையிற மாதிரி கரைஞ்சு போகணும்னு வேண்டிக்கிட்டுக் குளத்துல போடுறதில்லையா, அப்படி. அடுத்த செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் கிழமை, காலையில நான் போறதுக்குள்ள தொட்டியைச் சுத்திப் பொம்பளைகளா நிக்கிறாக. உப்புப் பொட்டலம், மிளகுப் பொட்டலம், ஒருத்தி வெல்லமும் சேத்துக் கொண்டாந்திருக்கா. நான் கத்திப் பாத்தேன். "மீனு குடிக்கிற தண்ணி தாயி, செடி குடிக்கிற தண்ணி, உப்பு ஆகாது." ஒரு அம்மா என்னை ரொம்ப இரக்கமாப் பாத்து, "மீனு கடல்லயே உப்புத் தண்ணிதான குடிக்குது சார்"னு சொல்லிட்டுப் போட்டுட்டுப் போயிருச்சு.

அப்புறம்தான் நான் அறிவாளித்தனமா ஒரு காரியம் பண்ணுனேன். பெரிய அட்டையில, "இத்தொட்டியில் உப்பு, மிளகு போடக்கூடாது. இப்படிக்கு, தலைமையாசிரியர்"னு சிவப்பு மையில எழுதித் தொங்கவிட்டேன். அதுவரைக்கும் அந்த ஊருக்கு மட்டும்தான் விசயம் தெரியும். அட்டையைப் படிச்ச பிறகு ரோட்டுல போறவன் வாரவனுக்கெல்லாம் தெரிஞ்சு போச்சு, ஓஹோ, உப்புப் போடுற இடம் இதுதானான்னு. அடுத்த செவ்வாய்க்கிழமை ஷேர் ஆட்டோ பிடிச்சு வாராக. மோட்டார் கட்டுன்னு நின்னுருச்சு. கழட்டிக்கிட்டு வடமதுரை ஜெகபர் அலி பாய் கடைக்குப் போனேன். பாய் பிரிச்சுப் பாத்துட்டு உள்ளே இருந்து மிளகை எடுத்து எடுத்து மேசையில வச்சாரு. "சார், பள்ளிக்கூடத்துல மோட்டார் போட்டா ரசம் வைக்கிறீக?" எனக்குச் சிரிக்கத் தெம்பில்ல. சார்லஸ் சாமிகிட்ட போய், பூசையில ஒரு வார்த்தை சொல்லுங்க சாமின்னேன். அவரு நெத்தியைத் தடவிக்கிட்டு, "விசுவாசத்தை நாம தடுக்கலாமா சார், கூட்டம் வந்தா பள்ளிக்கூடத்துக்கும் நல்லதுதான"ன்னாரு. மீனுக்கு ஒண்ணும் ஆகல, ஜிலேபிக் கெண்டை எதையும் தாங்கும். தக்காளி ஓரமெல்லாம் கருகி, பூ உதிர்ந்து, கீரை பூராவும் படுத்துருச்சு.

அந்த நேரம் பாத்து, போன வெள்ளிக்கிழமை, கல்வி அலுவலர் பள்ளிக்கூடத்தைப் பாக்க வந்துட்டாரு. நேரா நாலாம் வகுப்பு. "செடி வளர என்னென்ன தேவை, யாரு சொல்றீங்க?" யாரு எந்திரிப்பான்னு உங்களுக்கே தெரியும். சுகன்யா கையைக் கட்டிக்கிட்டு, "தண்ணி, காத்து, வெளிச்சம், சத்து சார்"னா. அவரு, "மண்ணு?"ன்னாரு. "மண்ணு கட்டாயம் இல்ல சார்." "பாடப் புத்தகத்துல என்ன போட்டிருக்கு?" "மண்ணுன்னுதான் சார் போட்டிருக்கு. வேரு பிடிச்சு நிக்க ஒரு இடம் வேணும், சத்து வேணும், அது மண்ணுல கிடைக்குது, மண்ணுதான் வேணும்னு இல்ல சார்." ஆபீசர் என் பக்கம் திரும்புனாரு. "எங்க, மண்ணில்லாம வளர்ந்த செடியைக் காட்டும்மா"ன்னு எந்திரிச்சு வெளிய வந்துட்டாரு.

வந்து என்னத்தைப் பாப்பாரு. கருகுன குச்சியும், மேல மிளகு மிதக்குற தண்ணியும்தான். "இதுதான் மண்ணில்லாம வளர்ந்த செடியா?"ன்னு சிரிக்கிறாரு. நான் தரையைப் பாத்துக்கிட்டு நின்னேன். அந்தப் பிள்ளை நிக்கல மாப்பிள்ளை. "சார், நீங்க சொல்றது தப்பு சார். இது மண்ணு இல்லாததால சாகல, உப்புப் போட்டதால செத்துச்சு. தோட்டத்துல உப்புத் தண்ணி பாய்ச்சினாலும் சாகும், அங்க மண்ணு இருக்குல்ல? நாங்க தண்ணியை மாத்திட்டுத் திரும்ப நடுறோம், பத்து நாள் கழிச்சு வந்து பாருங்க சார்"னு அவரு மூஞ்சிக்கு நேரா, கையைக்கூட ஆட்டாம, நிறுத்தி நிதானமாச் சொல்லிட்டா. சுத்தி நின்ன பொடுசுக எல்லாம் ஆமா சார், ஆமா சார்னு தலையை ஆட்டுதுக. கருப்பம்மாள் சோத்துக் கரண்டியோட வாசல்ல வந்து நின்னு வேடிக்கை பாக்குது. ஆபீசர் பார்வைக் குறிப்புல, "அடிப்படைப் பாடம் முறையாகக் கற்பிக்கப்படவில்லை, பள்ளி வளாகத்தில் தேவையற்ற கூட்டம்"னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டு, கிளம்புறப்ப, "பிள்ளைக எண்ணிக்கையும் குறைவா இருக்கே சார், ஆகஸ்ட்ல என்ன பண்ணப் போறீங்க"ன்னு டெய்சி காதுல விழுற மாதிரி கேட்டுட்டுப் போனாரு. டெய்சி சாக்பீஸ் டப்பாவை அடுக்கிக்கிட்டு இருந்துச்சு.

ஆத்திரத்துல நான் சுகன்யாவைக் கூப்பிட்டு, பெரியவங்ககிட்ட இப்படியா பேசுவன்னு ஒரு அதட்டு அதட்டிட்டேன். அது அழல. "நீங்கதான சார் சொல்லிக் குடுத்தீங்க"ன்னு கேட்டுச்சு. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. பஸ்ல உட்கார இடம் கிடைச்சும் நின்னுக்கிட்டே திண்டுக்கல் வரைக்கும் வந்தேன். மீனு, தக்காளி, கிருமி, உப்பு, வேனு, ஆபீசருன்னு எல்லாத்துக்கும் ஒருத்தன் பதில் சொல்லணும்னா எப்படி மாப்பிள்ளை? எனக்குச் சலிச்சுப் போச்சு. கோவம்கூட வரல, உட்கார்ந்தா எந்திரிக்கத் தோணல. சொல்லிக் குடுத்த பிள்ளை சொல்லிக் குடுத்ததைச் சொன்னதுக்கு அதட்டுற வாத்தியார் இனிமே எதுக்கு? நான் போறேன், டெய்சி இருக்கட்டும். உங்க அக்காகிட்ட மட்டும் நீங்க சொல்லிருங்க.

கடிதத்தில் எங்காவது வார்த்தை தடித்திருந்தால் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். தங்களைக் குறை சொல்வது என் நோக்கமல்ல, குறை தங்களுடையது என்பது வேறு விஷயம். நான்சிக்கு எங்கள் அன்பைச் சொல்லவும். குழந்தைக்கு நெற்றியில் சிலுவை வரைந்து மாமாவின் ஆசீரைத் தரவும். மாதா தங்கள் குடும்பத்தைத் தன் முந்தானையில் வைத்துக் காப்பாளாக.

என்றும் தங்கள் நலம் நாடும்,
அ. பாஸ்கல்

பி.கு.: எந்தக் காரணம் கொண்டும் இந்தக் கடிதம் ஜெயமேரி கண்ணில் பட்டுவிடக் கூடாது. அதற்காகத்தான் அவள் மார்க்கெட்டுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து எழுதுகிறேன். இனி மடித்து ஒட்ட வேண்டியதுதான் பாக்கி, செத்த நேரம் கண்ணை மூடிவிட்டு

பி.கு.வுக்குப் பி.கு.: அமலா, அக்கா எழுதுறேன். உன் மச்சான் பேனாவைக் கையில பிடிச்சபடியே மேசையில தலையைச் சாச்சுத் தூங்குறாக. எல்லாத்தையும் படிச்சுட்டேன். நீ போன் பண்ணி எதையும் பக்குவமாச் சொல்ல வேணாம், ஓய்வு வாங்கப் போறதை ரெண்டு ராத்திரியாத் தூக்கத்துல சொல்லிக்கிட்டுத்தான் இருக்காக.

காலையில பூசை முடிஞ்சு உழவர் சந்தைக்குப் போனேன். அங்க தக்காளி விக்கிறது யாருங்கிற, முத்துப்பேச்சிதான். என்னைப் பாத்ததும் எடை போட்டுக்கிட்டிருந்த தராசைக் கீழ வச்சுட்டு எந்திரிச்சு வந்து கையைப் பிடிச்சுக்கிச்சு. "அக்கா, நானும் எங்க வீட்டு ஆளும் தாலுகா ஆபீசுல பியூனுகிட்டப் பேசவே நாக்கு எழாம நிப்போம். எம்மக அம்புட்டுப் பெரிய ஆபீசரை நிமிந்து பாத்து, நீங்க சொல்றது தப்பு சார்னு சொல்லி, ஏன் தப்புன்னும் சொல்லியிருக்காக்கா. கருப்பம்மா வீடு வீடா வந்து சொல்லுச்சு. ஊரே அதைத்தான் பேசுது. வேன்ல போற பிள்ளைக வீட்டுக்கு விருந்தாளி வந்தா கதவுக்குப் பின்னாடி போய் ஒளியுதுக, என்ன படிச்சு என்ன"ன்னு சொல்லுச்சு. அவுக தெருவுல இனிமே வேன் வர வேணாம்னு சொல்லிட்டாகளாம். நாளைக்குத் திங்கட்கிழமை, பிள்ளைகளைக் கூட்டிக்கிட்டு அத்தனை பேரும் இவுக பள்ளிக்கூடத்துல சேக்க வாராகளாம். இனி எண்ணிக்கை குறையாது, உன் வேலை நிக்கும்னு டெய்சிகிட்ட போன்ல சொன்னேன், அந்தப் பக்கம் அழுகுது.

இவுககிட்ட நான் இன்னும் சொல்லல. சொல்லவும் மாட்டேன். நாளைக்குக் காலையில விண்ணப்பத்தை எடுத்துக்கிட்டு, மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இவுக பஸ் ஏறட்டும். முதல்ல பள்ளிக்கூடத்துக்கு ஒரு எட்டுப் போயிட்டுச் சாமியாரைப் பாருங்கன்னு மட்டும் சொல்லி அனுப்புவேன். பள்ளிக்கூட வாசல்ல நிக்கிற பிள்ளைகளை இவுகளே பாக்கட்டும். நானும் அதே பஸ்ஸுல பின்பக்கம் ஏறிப் போறேன் அமலா, அந்த மூஞ்சியை நான் பாக்கணும்.